ஸ்ட்ரிப், சொட்டு, டிஜிட்டல்: மீன்தொட்டித் தண்ணீருக்கு எந்த டெஸ்ட் கிட்டை நம்பலாம்?

நன்னீர்த் தொட்டிக்கு டெஸ்ட் கிட் தேடினால் மூன்று வகை கண்ணில் படும்: நனைத்து எடுத்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப், டியூபில் சொட்டு விட்டுப் பார்க்கும் திரவ கிட், எண்ணாகவே காட்டிவிடும் டிஜிட்டல் கருவி. என் ஓட்டு திரவ கிட்டுக்கு. வாங்கி வைத்திருப்பதும் அதையே. ஆனால் 'திரவம் என்றாலே துல்லியம்' என்று பலரும் சொல்வது பாதி உண்மைதான். ஒழுங்காகக் குலுக்காத திரவ கிட்டை விட, காலாவதியாகாத ஒரு ஸ்ட்ரிப் நைட்ரேட்டை (மீன் கழிவு மாறி மாறிக் கடைசியில் தண்ணீரில் சேர்வது) சரியாகக் காட்டிவிடும்.

ஸ்ட்ரிப்பை முதலில் முடித்துவிடலாம். அவசரத்துக்கு நல்லது. நைட்ரைட் (அம்மோனியா நைட்ரேட்டாகும் வழியில் உருவாகும் நச்சு) இருக்கிறதா இல்லையா என்ற ஒரு கேள்விக்கு நம்பகமாகவே பதில் சொல்லும். கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை), பி.எச். (அமில-கார அளவு) இரண்டிலும் நிறப் படிகள் அகலமாக இருப்பதால் ஊகம்தான் மிஞ்சும். 5 இன் 1, 6 இன் 1 என்று விற்கும் பெரும்பாலான ஸ்ட்ரிப்களில் அம்மோனியா (மீன் கழிவிலிருந்து வரும் நச்சு) கட்டமே கிடையாது. புதுத் தொட்டி வைத்தவருக்கு முதலில் தேவைப்படுவதோ அதுதான். நனைத்த ஸ்ட்ரிப்பைச் சாய்க்காமல் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கட்டத்தின் சாயம் அடுத்ததில் வழியும். ஈரக் கையைப் பாட்டிலுக்குள் விடவே கூடாது. சென்னை மாதிரிக் கடலோர ஊர்ப் புழுக்கத்தில் மூடியைத் திறந்து வைத்தால் மிச்ச ஸ்ட்ரிப்களும் வீண்.

திரவ கிட்டில் பரவலாகக் கிடைப்பது ஏ.பி.ஐ. நிறுவனத்தின் ஃப்ரெஷ்வாட்டர் மாஸ்டர் கிட். பி.எச்., ஹை ரேஞ்ச் பி.எச்., அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகியவை அதில் உண்டு. கே.எச்., ஜி.எச். (பொதுக் கடினத்தன்மை) தனியாக வாங்க வேண்டும். அம்மோனியாவுக்கு 5 மி.லி. தண்ணீரில் இரண்டு பாட்டிலிலிருந்தும் எட்டெட்டுச் சொட்டு, ஐந்து நிமிடக் காத்திருப்பு. நிற அட்டையில் 0-க்கு அடுத்த படி 0.25 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு). இந்த 0.25 பலரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. குழல்விளக்கிலும் மஞ்சள் எல்.இ.டி.யிலும் 0-வின் மஞ்சளே லேசான பச்சையாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் டிஸ்டில்டு வாட்டரில் அதே சோதனையைச் செய்த இன்னொரு டியூபை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறம் என்றால் தொட்டியில் கவலைப்பட ஒன்றுமில்லை. பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் இதற்குப் போதும். கேன் தண்ணீர் வேண்டாம்.

இந்தக் கிட் காட்டுவது மொத்த அம்மோனியாவை. அதில் மீனைக் கொல்லும் பங்கு எவ்வளவு என்பது பி.எச்.சையும் வெப்பத்தையும் பொறுத்தது. 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 30 டிகிரியில் பி.எச். 8 என்றால் ஏறக்குறைய 7.5 சதவீதம். பி.எச். உயர்ந்திருக்கும் போர் தண்ணீர்த் தொட்டியில் 0.5 பிபிஎம் வந்தால் அலட்சியம் கூடாது என்பது இதனால்தான்.

தரத்தைத் தீர்மானிக்கும் இடம் நைட்ரேட். இந்தச் சோதனை நைட்ரேட்டை நேரடியாகப் பார்ப்பதில்லை. இரண்டாம் பாட்டிலில் இருக்கும் துத்தநாகத் தூள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அந்த நைட்ரைட்தான் சாயமாகிச் சிவக்கிறது. தூள் கனமானது, பாட்டிலின் அடியில் படிந்து இறுகிவிடும். குலுக்காமல் மேலே நிற்கும் தெளிவை மட்டும் சொட்டினால் 40 பிபிஎம் தண்ணீர்கூட 5 என்று காட்டும். 'தண்ணீர் மாற்றவே தேவையில்லை, நைட்ரேட் ஏறவே இல்லை' என்று பெருமைப்படுகிறவர்களின் இரண்டாம் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

முறை இது. 5 மி.லி. தொட்டித் தண்ணீரில் முதல் பாட்டிலிலிருந்து பத்துச் சொட்டு, டியூபைச் சில முறை கவிழ்த்துக் கலக்கவும். இரண்டாம் பாட்டிலை 30 நொடி வேகமாகக் குலுக்கச் சொல்கிறது கையேடு. பல வாரம் சும்மா இருந்த பாட்டில் என்றால் அடியை மேசையில் தட்டிவிட்டு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உடனே பத்துச் சொட்டு. டியூபை ஒரு நிமிடம் முழுதாகக் குலுக்கி, ஐந்து நிமிடம் விட்டுப் படிக்கவும். சொட்டும்போது பாட்டில் செங்குத்தாக இருக்கட்டும், சாய்த்தால் சொட்டின் அளவு மாறும். டியூபின் கோட்டை நம்புவதை விட மருந்துக் கடை 5 மி.லி. சிரிஞ்ச் மேல்.

அட்டையில் 40-க்கும் 80-க்கும் நிற வேறுபாடு கண்ணுக்குப் பிடிபடாது. அங்கே கண்ணைக் கசக்காமல் 1 மி.லி. தொட்டித் தண்ணீரோடு 4 மி.லி. டிஸ்டில்டு வாட்டர் சேர்த்துச் சோதித்து, வந்த எண்ணை 5-ஆல் பெருக்குங்கள். இன்னும் சைக்கிள் முடியாத (அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா நிலைபெறாத) தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரைட்டும் இந்தச் சோதனையில் சிவக்கும் என்பதால் நைட்ரேட் எண்ணுக்கு அர்த்தமில்லை.

கிட் சரியா என்று பார்க்க ஒரே நேர்மையான வழி, அளவு தெரிந்த கரைசலைச் சோதிப்பது. உரக்கடையில் 13-0-45 என்று கேட்டால் பொட்டாசியம் நைட்ரேட் தருவார்கள். 1.63 கிராமை டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் 1000 பிபிஎம் நைட்ரேட். அதில் 20 மி.லி. எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்கினால் 20 பிபிஎம். உரம் முழுத் தூய்மையானதல்ல, ஆனாலும் நிற அட்டையின் துல்லியத்துக்கு இது தாராளம். சமையலறைத் தராசு உதவாது, 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு வேண்டும். கிட் 20-க்குப் பதில் 5 காட்டினால் ஒருமுறை நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் கிட்டை மாற்றுங்கள். வாங்கும்போதே பாட்டிலின் லாட் எண்ணைப் பார்ப்பது நல்லது: ஏ.பி.ஐ.யில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த மாதமும் வருடமும்.

கே.எச். சோதனைக்கு இவ்வளவு பாடு கிடையாது. நீலம் மஞ்சளாகும் வரை சொட்டுகளை எண்ணுவதுதான், 5 மி.லி.யில் ஒரு சொட்டு ஒரு டிகிரி கடினத்தன்மை. 10 மி.லி. எடுத்தால் ஒரு சொட்டு அரை டிகிரி. வீட்டுச் சோதனைகளில் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

பி.எச்.சில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண பாட்டிலின் அட்டை 6.0-லிருந்து 7.6 வரைதான். பி.எச். 8.2 உள்ள போர் தண்ணீரும் அதில் 7.6-இன் நீலமாகவே நிற்கும். 7.6 வந்தால் அது விடையல்ல, ஹை ரேஞ்ச் பாட்டிலை எடு என்ற குறிப்பு.

பி.எச். பேனா பார்க்கத் துல்லியம்போல இரண்டு தசமம் காட்டும். காலிபிரேஷன் செய்யாத பேனாவில் அந்தத் தசமங்கள் அலங்காரம். பி.எச். தெரிந்த 4.00, 6.86 பஃபர் பொடி இரண்டையும் தனித்தனியே டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து மாதமொருமுறையாவது சரிபார்க்க வேண்டும். முனையை டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போடக் கூடாது. பொட்டாசியம் குளோரைடு ஸ்டோரேஜ் கரைசலில் வைக்கவும்.

ஹன்னா செக்கர் மாதிரி டிஜிட்டல் கலரிமீட்டர் (நிறத்தை அளந்து எண்ணாகக் காட்டும் கருவி) கண்ணின் தடுமாற்றத்தை எடுத்துவிடுகிறது, அதன் மதிப்பு அதில்தான். ஆனால் ஒரு கருவி ஒரே ஒரு சோதனைதான் செய்யும், ரீஏஜென்ட் (சோதனை ரசாயனம்) பாக்கெட் தனிச் செலவு. குவெட்டில் (தண்ணீர் ஊற்றிக் கருவிக்குள் வைக்கும் சிறு குப்பி) விரல்ரேகை, காற்றுக்குமிழி, கரையாத பொடி எதுவும் எண்ணை நகர்த்திவிடும். சில கருவிகள் நைட்ரேட்டை நைட்ரஜன் கணக்கில் காட்டும், 4.43-ஆல் பெருக்கினால்தான் சொட்டுக் கிட் அட்டையோடு ஒப்பிட முடியும். பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் பாஸ்பேட்டை நூறில் ஒரு பங்கு பிபிஎம் அளவில் பார்க்க வேண்டியிருப்பதால் அங்கே கருவிக்குச் செலவு செய்வது நியாயம். நான் அழுத்திச் சொல்வது நன்னீரைப் பற்றி மட்டுமே. கப்பியும் ஏஞ்சலும் வளர்க்கிற தொட்டிக்கு அந்தப் பணத்தில் மாஸ்டர் கிட்டோடு கே.எச்., ஜி.எச். பாட்டில்களும் ஒரு பாக்கெட் தராசும் வாங்கலாம்.