யாகூ, எம்எஸ்என், அல்டாவிஸ்டா, கூகுள்: நெட் கபே கணக்கில் யார் முகப்பு உருப்படியானது?

2002 யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு திருகோணமலை நெட் கபேக்களில் மணிக்கணக்குப் பார்த்துக் காசு கொடுத்தவர்களில் நானும் ஒருவன். தொலைபேசி லைனில் இணையம் தந்த டயல்-அப் மோடத்தின் உச்ச வேகமே விநாடிக்கு 56 கிலோபிட்தான். லைன் சுத்தமாக இருந்தாலும் 100 கிலோபைட் பக்கம் வந்து முடியக் கிட்டத்தட்ட 15 விநாடி. லைன் சுத்தமாக இருந்த நாளை நான் கண்டதில்லை. அந்தத் தராசிலேயே இந்த நாலு தளங்களின் முகப்பையும் நிறுக்கிறேன்.

யாகூ 1994இல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் ஜெரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தொடங்கிய இணையத்தளப் பட்டியல். ஆரம்ப முகப்பில் ஒரு தேடல் பெட்டி, கீழே 14 பிரிவுகள், அநேகமாக எல்லாம் எழுத்து. பிராந்தியம், நாடுகள், இலங்கை என்று இறங்கினால் நம் நாட்டுத் தளங்கள். ஆட்கள் இருந்து பார்த்துப் பிரித்த பட்டியல் அது. 1997இல் மின்னஞ்சல் வந்தது, அப்புறம் மெசஞ்சர், விளையாட்டு, ஷொப்பிங். ஒவ்வொன்றும் முகப்பில் இடம் பிடிக்கப் பிடிக்கப் பட்டியல் ஒதுங்கிப் போனது. மீன் வாங்க வந்தவனைப் புடைவைக் கடைக்குள் இழுக்கிற கதை. ஆனாலும் எங்கள் ஆட்கள் பொறுத்துக்கொண்டார்கள். கனடாவில் இருக்கிற பெரியம்மா மகன் யாகூ மெசஞ்சரில்தானே வருவான்.

எம்எஸ்என் 1995இல் மைக்ரோசொஃப்டின் விண்டோஸ் 95உடன் வந்த கட்டணச் சேவை. செய்தி, மின்னஞ்சல், கடை எல்லாம் ஒரே இடத்தில் குவிக்கிற முகப்புத் தளமானது பிறகு. அவர்களின் உலாவியான எக்ஸ்புளோரரைத் திறந்தால் அதுதான் முன்னால் நிற்கும், அவர்களின் மின்னஞ்சலான ஹாட்மெயிலை விட்டு வெளியேறினாலும் அங்கேதான் கொண்டுபோய் விடும். விவரம் தெரிந்த கபேக்காரர்கள் அதை எடுத்துவிட்டு வெற்றுப் பக்கம் வைப்பார்கள். எனக்கு அது நாலாவது.

அல்டாவிஸ்டாவை நினைத்தால்தான் மனவருத்தம். 1995 டிசம்பரில் டிஜிட்டல் எக்யூப்மென்ட் என்ற கணினி நிறுவனம் தன் கணினிகளின் பலத்தைக் காட்ட விட்ட தேடல் இயந்திரம், அக்காலத்தில் அதன் வேகத்துக்கு ஈடில்லை. 1999இல் அதற்கும் முகப்புத் தள ஆசை பிடித்து, செய்தியும் கடையும் சேர்ந்தன. கூகுளோ சின்னம், ஒரு பெட்டி, இரண்டு பொத்தான் என்று நின்றது. 2000 முதல் 2004 வரை யாகூவின் தேடலுக்கே பின்னால் இருந்தது கூகுள்தான்!

காசுக் கணக்கில் கூகுளுக்குத்தான் முதலிடம், சரி. ஆனால் தமிழ்க் கணக்கு வேறு. அப்போது இங்கே தமிழ்த் தளங்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்தன. பாமினியில் 'அம்மா' என்று எழுதினால் தேடல் இயந்திரத்துக்குத் தெரிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தமிழுக்கென்று தனிக் குறிகள் உள்ள யூனிகோடில் எவ்வளவு தேடினாலும் அந்தப் பக்கம் அகப்படாது. ஒரு மனிதர் திறந்து பார்த்து "இது தமிழ்ச் செய்தித் தளம்" என்று பட்டியலில் போட்டால்தான் உண்டு. அதனால் என் ஓட்டு பழைய யாகூவுக்கு, அதுவும் மெசஞ்சர் வருவதற்கு முந்திய யாகூவுக்கு.

அந்தப் பட்டியலை யாகூ 2014 முடிவில் மூடிவிட்டது. இப்போது உப்புவெளியில் இருந்து போனில் குரோமைத் திறக்கிறேன்: கூகுள் பெட்டிக்குக் கீழே நான் கேட்காத செய்தி அட்டைகள், தள்ளத் தள்ள வருகின்றன.