35 காட்டிய பெட்டி, 28-இல் நடுங்கிய குஞ்சுகள்

ஐம்பது கோழிக்குஞ்சு பிடிக்கும் என்று போட்டிருந்த புரூடர் பெட்டி, அதாவது குஞ்சுகளுக்குச் சூடு கொடுத்து வளர்க்கும் பெட்டி ஒன்றை ஐப்பசியில் ஆன்லைனில் வாங்கினேன். 3,200 ரூபாய். இரண்டரை அடி நீளம், இரண்டடி அகலம். நான் விட்டது முப்பது சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகள்தான். முதல் வாரம் தாண்டியதுமே நெருக்கடி. ஐம்பதை விட்டிருந்தால் தீபாவளி நேரத்து டவுன் பஸ்தான்.

பெட்டியின் வேலைப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். மேலே கம்பி வலை மூடி, பூனை வாய் வைக்க முடியாது. எச்சத் தட்டைத் தனியே இழுத்துக் கழுவலாம். 60 வாட் குண்டு பல்பு ஒன்று கொடுத்திருந்தார்கள். குஞ்சுக்கு 2 வாட் என்ற கணக்கில் முப்பதுக்குச் சரி. ஐம்பதுக்கு எப்படிப் போதும் என்று அவர்களுக்கே வெளிச்சம்.

சிக்கல், சூட்டுக்குத் தக்கபடி பல்பை அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட்டில். சென்சாரை மூடிக்கு அடியில், பல்புக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தார்கள். முதல் வாரச் சூடு 35 டிகிரி என்று வைத்தேன். திரையிலும் 35 காட்டியது, பல்பும் அணைந்து அணைந்து எரிந்தது. நிம்மதியாகத் தூங்கப் போனேன். விடியற்காலை பார்த்தால் அத்தனையும் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. அடியில் இரண்டு நசுங்கிச் செத்திருந்தன. சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரைக் கழற்றி, பெட்டியின் அடியில் பரப்பியிருந்த உமிமேல் வைத்துப் பார்த்தேன்: 28.

விற்றவரிடம் கேட்டதற்கு, "35 காட்டுதுல்ல மேடம்?" என்றார்.

அப்புறம் நானே சென்சார் ஒயரைப் பிரித்து, உமியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே, குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தொங்கவிட்டேன். நான்கு மூலைகளிலும் அட்டையை வளைத்துச் சொருகி வட்டமாக்கினேன். அன்று ராத்திரியே வீல் வீலென்ற கத்தல் நின்றது. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கழுத்தை நீட்டிப் படுத்துக்கொண்டன. பல்பு நடுவில் இருப்பதால், மதியத்தில் சூடு தாங்காமல் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் குஞ்சு ஒதுங்க இடமில்லை. அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கூடவே வந்த தண்ணீர்க் கிண்ணம் அகல வாய். ஒரு குஞ்சு உள்ளே விழுந்து எழுந்த பிறகு கூழாங்கல் போட்டு வைத்தேன். உமி நனைந்தால் ரத்தக்கழிச்சலுக்கு நாமே அழைப்பு வைத்த மாதிரி.

நாலாம் நாள் மழையில் கரண்ட் போனது. பெட்டியில் பேட்டரி வசதி கிடையாது. அம்மிச்சி எவர்சில்வர் தூக்கில் வெந்நீர் ஊற்றி, துண்டைச் சுற்றி நடுவில் வைத்தார். இரண்டு மணி நேரம் எல்லாம் அதை ஒட்டியே கிடந்தன.

இருபது குஞ்சுக்குள் என்றால், சென்சாரை இறக்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள் வாங்கலாம். நான் அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு ஒன்றரை அடி உயரத் தகரத்தை வட்டமாக வளைத்துவிட்டேன். தெர்மோஸ்டாட்டை மட்டும் அதற்குக் கழற்றிக்கொண்டேன். பெட்டியில் அம்மிச்சி சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறார்.