மே மாத ராத்திரி பத்து மணிக்கு எது கைகொடுக்கும்?

2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் வரை போனது. அந்த மாதிரி நாட்களில் பகல் பெரிய தலைவலி இல்லை, கமுதியில் மட்டுமே 648 மெகாவாட் சோலார் இருக்கிறது, வெயிலுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. சிக்கல் ஆறரை மணிக்கு மேல்தான். வெயில் போய்விடும், வீட்டுக்கு வீடு ஏசி ஓட ஆரம்பிக்கும், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்றோ இன்னும் முழுசாக வீச ஆரம்பித்திருக்காது (ஆடியில் அம்மியைப் பறக்கவிடும் காற்று சித்திரையில் எங்கே போய் ஒளிகிறதோ). அதனால் எது நல்ல மின்சாரம் என்று பொதுவாகக் கேட்காமல், அந்தப் பத்து மணிக்கு எது கைகொடுக்கும் என்று பார்ப்போம்.

நிலக்கரி கைகொடுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் கொதிகலனை ஃபேன் ஸ்விட்ச் மாதிரி நினைத்த நேரத்தில் போட்டு அணைக்க முடியாது. ராத்திரிக்கு வேண்டும் என்றால் மத்தியானமும் பாதிச் சுமையிலாவது எரிந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கு இடம் விட்டு சோலாரை பேக் டவுன் செய்யச் சொல்வார்கள், அதாவது உற்பத்தியைக் குறைக்கச் சொல்வார்கள். உடன்குடியில் 660 மெகாவாட்டில் இரண்டு அலகுகள், சரி, தொடங்கியதை முடிக்கட்டும். புதிதாக இன்னொன்றுக்கு அஸ்திவாரம் போட்டால் முப்பது வருஷத்துக்குப் புகையை ஒப்பந்தம் போட்டு வாங்குகிறோம்.

கூடங்குளம் புகை விடாது, ராப்பகல் சீராக ஓடும். ஆனால் 2002இல் கட்ட ஆரம்பித்த முதல் அலகு வணிக உற்பத்திக்கு வந்தது 2014 கடைசியில். இந்தக் கோடைக்கு ஆகிற வேலையில்லை.

உண்மையான போட்டி கடம்பாறைக்கும் பேட்டரிக்கும்தான். ஆனைமலையில் இருக்கும் கடம்பாறை 1980களில் வந்த நிலையம், மிச்சமாகிற கரண்டில் மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கலாம். ஏற்ற 100 யூனிட் போனால் திரும்பி வருவது 75, 80 யூனிட்தான், ஆனாலும் சில நிமிஷங்களில் ஓட ஆரம்பித்துவிடும், பராமரித்தால் நாற்பது வருஷத்துக்கு மேல் உழைக்கும். தொல்லை என்னவென்றால் அதற்கு மலை வேண்டும், காட்டுக்குள் சுரங்கம் வேண்டும். நீலகிரியில் இதே மாதிரித் திட்டமான குந்தாவின் 500 மெகாவாட்டுக்காக எத்தனை வருஷம் குடைந்தார்கள் என்று பாருங்கள். பேட்டரிக்கு இந்தப் பாடு இல்லை, துணை மின் நிலையத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தால் ஒன்றிரண்டு வருஷத்தில் நிறுவிவிடலாம், மத்தியானம் வீணாகிற சோலாரை அங்கேயே பிடித்து வைக்கும். செல் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது, பதினைந்து வருஷம் போல ஆனால் மாற்ற வேண்டிவரும், அதையும் கணக்கில் சேருங்கள். என் ஓட்டு இப்போதைக்கு பேட்டரிக்கு, மலைவேலை பின்னால் மெதுவாக வரட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. டெண்டர் செய்தியில் மெகாவாட்டை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள், எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். 500 மெகாவாட், 1000 மெகாவாட்-மணி என்றிருந்தால், ஏழு மணிக்கு முழு வேகத்தில் திறந்துவிட்டது ஒன்பது மணிக்கே காலி. நாம் கேட்டது பத்து மணிக்கு.