ஷிப்ட் வேலைக்காரருக்கு யோக நித்திரையா, பாடி ஸ்கேனா?

செம்பனை ஆலையில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்களுக்குத் தெரியும்: உடம்பு ஓய்ந்தாலும் மனசு ஓயாது. உட்கார்ந்து தியானம் செய்யலாம் என்றால் முதுகு விடுவதில்லை. அதனால் ஒரு குரலைக் கேட்டபடி படுத்துக்கொண்டே செய்யும் இரண்டு பயிற்சிகளையும் செய்து பார்த்தேன். இப்போது கைவசம் இருப்பது யோக நித்திரை.

செலவு, வசதி எல்லாம் ஒன்றுதான். ஒரு பாய், ஒரு கைப்பேசி, மல்லாந்து படுக்க இடம். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் மத்தியான வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே என்றால் காற்றாடியும் வேண்டும்.

பாடி ஸ்கேன், ஜான் கபாட்-ஜின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, மன அழுத்தம் குறைக்கும் 8 வாரப் பயிற்சியின் ஒரு பகுதி. இடது கால் விரலில் தொடங்கிக் கவனம் மெதுவாகத் தலைவரை ஏறும். அவருடைய பயிற்சியில் இது 45 நிமிடம். எதையும் மாற்றச் சொல்லமாட்டார்கள். வலி இருந்தால் அந்த வலியைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

யோக நித்திரையின் இன்றைய வடிவத்தை அமைத்தவர் பீகாரின் முங்கேரில் யோகப் பள்ளி நிறுவிய சுவாமி சத்யானந்த சரஸ்வதி. கோயிலில் குருக்கள் பூஜைக்கு முன் மந்திரம் சொல்லி அங்கங்களைத் தொடுவாரே, அந்த நியாசத்திலிருந்து எடுத்தது. இதில் தொடுவதற்குப் பதில் மனசு மட்டும் போய் வரும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேகம். வலது கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், உள்ளங்கை, மணிக்கட்டு என்று குரல் நிற்காமல் ஓடும். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கிராணி (கணக்கர்) பெயர் கூப்பிடுவது மாதிரி. அசந்தால் நம் பெயர் போய்விடும். அப்புறம் மூச்சை 27இலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும், தப்பினால் மறுபடி 27. அதன் பிறகு உடம்பைக் கனமாக உணர், லேசாக உணர், சூடு, குளிர் என்று வரும். மனசுக்கு ஓயாமல் சின்னச் சின்ன வேலை இருப்பதால், உடம்பு தூங்கும் நிலைக்குப் போனாலும் உள்ளே ஒருவர் முழித்திருக்கிறார். பாடி ஸ்கேனில் ஒரு முழங்காலுக்கும் அடுத்த தொடைக்கும் நடுவில் நீண்ட மௌனம். இரவு ஷிப்ட் முடித்து வந்தவன் அந்த மௌனத்திலேயே குறட்டை விடுவான். தூங்குவதற்கென்றால் ஒலிப்பதிவு எதற்கு, சும்மாவே படுக்கலாமே?

தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு சின்ன வாக்கியத்தை மனசுக்குள் சொல்லும் சங்கல்பமும் இதில் உண்டு. அதனால் குணமே மாறிவிடும் என்பார்கள். நான் சொல்லத்தான் செய்கிறேன், பெரிதாக எதுவும் மாறவில்லை. அரை மணி நேரம் செய்தால் நாலு மணி நேரத் தூக்கத்துக்குச் சமம் என்று வாட்சாப்பில் சுற்றும் கதையையும் நம்ப வேண்டாம். தூக்கக் கடனைத் தூங்கித்தான் அடைக்க வேண்டும்.

தன்னைக் கவனிப்பதில் பாடி ஸ்கேன் ஒரு படி மேல் என்றுகூடத் தோன்றுகிறது. வேலையில் நாள் முழுக்கத் தாடையை இறுக்கிக்கொண்டே இருக்கிறேன் என்பது எனக்கு அதில்தான் தெரிந்தது. ஆனால் 8 வாரப் பயிற்சியை முறையாக முடிக்காமல் பதிவை மட்டும் கேட்டவன் நான். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி முழங்கால் தேய்ந்த என் அக்கா, ராத்திரி நன்றாகத் தூங்குகிறவர், பாடி ஸ்கேனை விடவே மாட்டேன் என்கிறார். அவருக்கு அதுதான் சரி.

எதை எடுத்தாலும் முதலில் 20 நிமிடப் பதிவாகப் பாருங்கள். கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. பாதியில் விளம்பரம் கத்தினால் செய்ததெல்லாம் போச்சு.