நாட்செஸில் ஒரு பகல்தான் என்றால்: லாங்வுட்டா, மெல்ரோஸா?

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய மேட்டில் இருக்கும் நாட்செஸில் மக்கள்தொகை சுமார் 14,500. உள்நாட்டுப் போருக்கு முன் பருத்தியில் வந்த பணம் எழுப்பிய மாளிகைகள் இந்தச் சின்ன ஊரில் ஏராளம். ஒரே நாளில் நாலைந்தைப் பார்க்கக் கிளம்பினால், மூன்றாவது வீட்டிலேயே சரவிளக்கும் வெள்ளிப் பாத்திரமும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். இரண்டு வீடு போதும். அதில் ஒன்று மெல்ரோஸாக இருக்கட்டும்.

படத்துக்கு லாங்வுட்தான் அழகு. எண்கோண வடிவம், உச்சியில் வெங்காயக் குமிழ் மாடம். ஹாலர் நட் என்ற தோட்ட முதலாளிக்காக 1860-இல் தொடங்கிய வேலை, 1861-இல் போர் வந்ததும் நின்றது. பிலடெல்பியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். திட்டமிட்ட 32 அறைகளில் அடித்தளத்தின் 9 மட்டுமே முடிந்தன. குடும்பம் அதற்குள்ளேயே வாழ்ந்தது. மேலே இன்றும் பூசாத செங்கல், மரச்சட்டங்கள். கட்டடக்கலையில் ஆர்வமுள்ளவர்கள் தவறவிடக் கூடாது. ஆனால் அந்த வீட்டின் கதை பெரும்பாலும் முதலாளியின் இழப்பாகவே காதில் விழும்.

மெல்ரோஸில் வீட்டோடு பின்கட்டும் மிஞ்சியிருக்கிறது. என் கணக்கில் தேர்வைத் தீர்மானிப்பது இது ஒன்றுதான். 1840-களில் வழக்கறிஞர் ஜான் மக்மரன் கட்டிய வீடு. 1865-இல் விற்றபோது பெரும்பாலான சாமான்களும் அதோடு கைமாறின. அதனால் அறைகளில் இருப்பதில் பெரும்பகுதி அந்த வீட்டுக்கே உரியது. சாப்பாட்டு மேசைக்கு மேலே கயிறு இழுத்து ஆட்டும் மர விசிறியான பங்கா தொங்குகிறது. மதராஸில் துரைமார் வீடுகளில் ஆள் வைத்து இழுத்த அதே பங்காதான்; இங்கே கயிற்றை இழுத்தது அடிமைப்பட்ட குழந்தை. பின் தாழ்வாரத்தில் அழைப்பு மணிகள் இருக்கின்றன. எந்த அறை அழைக்கிறது என்று வேலை செய்பவர் காதாலேயே அறிய, ஒவ்வொன்றுக்கும் வேறு நாதம். முற்றத்தின் இருபுறமும் சமையற்கட்டும் பால்பண்ணைக் கட்டடமும் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் அடிமைகள் குடியிருந்த வீடுகள். சமையற்கட்டிலிருந்து சாப்பாட்டு அறைவரை நீங்களே நடந்து பாருங்கள். சூடான குழம்புக் கிண்ணத்தோடு ஒருவர் தினம் எத்தனை முறை அந்தத் தூரத்தைக் கடந்திருப்பார் என்பது புரியும்.

பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்: உள்ளறைகள் முடிந்ததும் நேரே காருக்குப் போய்விடுகிறார்கள். பின்கட்டுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும். விளக்கத்தின் ஆழம் ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே ஒரு சுற்றை வைத்து எந்த வீட்டுக்கும் தீர்ப்பெழுத முடியாது. மெல்ரோஸ் தேசியப் பூங்காத் துறையிடம் இருப்பதால், பழுதுபார்ப்புக்காக வீடு மூடியிருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் கார் வேண்டும். கார் இல்லையென்றால் ஊர் நடுவே நடந்தே போகக்கூடிய வில்லியம் ஜான்சன் வீட்டைப் பாருங்கள். அதுவும் பூங்காத் துறையுடையது. அடிமையாகப் பிறந்து 1820-இல் விடுதலை பெற்ற ஜான்சன், முடிதிருத்தும் கடை நடத்தினார். 1835 முதல் 1851-இல் கொல்லப்படும்வரை நாட்குறிப்பு எழுதினார். அவரே அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். 1857-இல் முடிந்த ஸ்டாண்டன் ஹாலும் பக்கத்தில்தான்; நேரமிருந்தால் மட்டும்.

பழைய மாளிகைகளைச் சுற்றிக்காட்டும் வசந்த கால 'பில்கிரிமேஜ்' நாட்களில் தனியார் வீடுகளும் திறக்கும், கூட்டமும் சேரும். மெல்ரோஸுக்காகவே வருபவர்கள் அந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது.