மீனம்பாக்கமா பரந்தூரா, ஏரி பக்கம் நின்னு பாத்தா

சென்னைக்கு மீனம்பாக்கத்துல இருக்குற ஏர்போர்ட்டே போதுமா, காஞ்சிபுரம் பக்கம் பரந்தூர்ல புதுசா ஒண்ணு வேணுமாங்கறதுதான் கேள்வி. ரெண்டுலயும் தண்ணிக்குதான் அடி, ஆனா அடி ஒண்ணு இல்ல. மீனம்பாக்கத்துல ரெண்டாவது ரன்வேய அடையாறு ஆத்து மேல பாலம் போட்டு நீட்டுனாங்க, 2015 டிசம்பர் வெள்ளத்துல ஏர்போர்ட்டே முங்கி சில நாள் மூடிக் கெடந்துச்சு. அங்க சேதம் ஏற்கனவே ஆயிடுச்சு, இன்னும் பெருசாக்கணும்னா சுத்தி வீடுங்கதான், எடமே இல்ல, அத ஒத்துக்கணும்.

பரந்தூர் கதையே வேற. 2022ல அறிவிச்ச எடத்துல ஏரி, குளம், தாங்கல்னு சொல்ற சின்ன ஏரி, நெல்லு வயலுன்னு ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கெடக்கு, பாலாத்துத் தண்ணிய ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டு போற கம்பன் கால்வாயும் அந்த வழியாதான் போகுது, ஒரு ஏரி நெறஞ்சா மிச்சத் தண்ணி வழியுற கலங்கல் வழியா அடுத்த ஏரிக்குப் போகும், நடுவுல மண்ணக் கொட்டி மேடாக்குனா கீழ இருக்குற ஏரியும் காஞ்சிடும், மழைக்காலத்துல மேல இருக்குற ஊரும் முங்கும். நாத்து நட சேறடிக்கிற வயல்ல டிராக்டர் பின்னாடியே கொக்கும் உண்ணிக்கொக்கும் புழு பொறுக்கிட்டு நடக்கும், நத்தைகுத்தி நாரை சேத்துல நத்தை தேடும். கான்கிரீட்ல அதுங்களுக்கு என்ன இருக்கு? ரன்வே பக்கத்துல பறவ வந்தா வெரட்டத்தான் செய்வாங்க, இஞ்சின்ல மாட்டுனா விமானத்துக்கே ஆபத்து.

இந்த ஏரிங்களுக்குப் பதிலா வேற ஏரில புதுசா ஆழம் பண்ணித் தர்றோம்ங்கறத என்னால ஏத்துக்க முடியல, நாரைக்கு வேணும்ங்கறது முழங்கால் அளவு தண்ணிதான். என்னக் கேட்டா மீனம்பாக்கத்துல இருக்குறத வச்சு சமாளிக்கலாம், பரந்தூர் திட்டத்துல மாட்டுன ஏகனாபுரம் ஊரு சனங்க வருஷக்கணக்கா போராடுறதும் இந்த ஏரியும் வயலும் போகக் கூடாதுன்னுதான்.