240 கிலோமீட்டருக்கு 74,600 ரூபாய்: கார் வாரண்ட்டியை நம்புகிறவர்கள் கவனத்துக்கு

கோபம் இன்னும் அடங்கவில்லை. வார்த்தை எங்கேயாவது தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று சாயங்காலம்தான் 74,600 ரூபாய் கட்டி என் காரை வெளியே எடுத்தேன். ஐந்து வருஷ வாரண்ட்டியில், நாலாவது வருஷம் ஓடிக்கொண்டிருக்கும் கார்.

டீலர் பெயரைப் போடவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையம் வரை போகப்போகிறது, இப்போதைக்குப் பெயர் வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார். பெங்களூரில் நாலைந்து கிளை, முன்னால் கண்ணாடி ஷோரூம், உள்ளே காபி மெஷின், பின்னால் சர்வீஸ் சென்டர். அந்த ரகம்.

2021 தீபாவளிக்கு எடுத்த கார். ஏஎம்டி, அதாவது க்ளட்ச் மிதிக்காமலே கியர் மாறுகிற ரகம். நான் ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். கே.ஆர். புரம் தொங்குபாலத்தையும் டின் ஃபேக்டரியையும் தினம் தாண்டுகிறவனிடம் ஏன் ஏஎம்டி என்று யாரும் கேட்கமாட்டார்கள், இடது முட்டியே சொல்லும். எடுத்த அன்றே 19,800 ரூபாய் தனியாகக் கட்டி வாரண்ட்டியை ஐந்து வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று நீட்டிக்கொண்டேன். "ஏஎம்டி பார்ட்ஸ் விலை ஜாஸ்தி சார், இது இருந்தா நிம்மதியா தூங்கலாம்" என்றார் விற்றவர். தூங்கினேன்.

சர்வீஸுக்கு முதல் தடவை போனபோது அட்வைசராக வந்தது ஒரு இளைஞன். காதில் புளூடூத், கையில் டேப்லெட். நான் போனில் மனைவியோடு பேசுவதைக் கேட்டுவிட்டு, "அண்ணா, நீங்க தமிழா? நான் கேஜிஎஃப்ணா" என்றான். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷமாகக் கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் கலந்து காலம் தள்ளுகிறவனுக்கு, கார் சத்தத்தைத் தமிழில் விவரிக்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய சுகம் தெரியுமா? "மேட்டுல ஏறும்போது லேசா உதறுதுப்பா" என்று சொன்னால் புரிந்துகொள்ள ஓர் ஆள். அதற்குப் பிறகு அவன் நீட்டிய இடத்திலெல்லாம் டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டேன். எதையும் படிக்கவில்லை.

இந்த ஆடியில் ஊரில் அம்மன் கோயில் கொடை. திருநெல்வேலிப் பக்கம். கார் அப்போது 39,900 ஓடியிருந்தது, 40,000 சர்வீஸ் நெருங்கிவிட்டது. போவதற்கு முன்னாலேயே முடித்துவிடலாம் என்று போன் பண்ணினேன். "ஸ்லாட் ஃபுல்லுணா, 26ஆம் தேதிதான் கிடைக்கும். நீங்க ஊருக்குப் போய்ட்டு வந்தே விடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றான். "வாரண்ட்டிக்குப் பிரச்சினை வராதே?" என்று கேட்டேன். கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது, பால்கனியில் நின்று துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டேன். "நான் இருக்கேன்ணா" என்றான்.

போய் வந்து 26ஆம் தேதி விட்டபோது மீட்டரில் 41,240.

அதற்கப்புறம் இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, தொங்குபாலத்தின் நடுவில், டிஸ்ப்ளேயில் N என்று மின்ன ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் உறுமுகிறது, கார் நகரவில்லை. பின்னால் பிஎம்டிசி பஸ், அதன் பின்னால் ஊரே. டிராஃபிக் போலீஸ்காரர் ஓடிவந்து "சைடிகெ ஹாக்ரி சார், சைடிகெ" என்கிறார். எங்கே சைடு இருக்கிறது அங்கே? அவரும் இரண்டு ஆட்டோக்காரர்களும் சேர்ந்து தள்ளினார்கள். அந்த மூன்று பேருக்கும் இந்தப் பதிவில் நன்றி சொல்லிவிடுகிறேன், மற்றபடி நன்றி சொல்ல யாருமில்லை.

டோ பண்ணிக் கொண்டுபோய் விட்டேன். கியரை மாற்றுகிற ஆக்சுவேட்டர் போய்விட்டது என்றார்கள். சரி, வாரண்ட்டி இருக்கிறதே என்று காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் எஸ்டிமேட் வந்தது. பார்ட், லேபர், வரி எல்லாம் சேர்த்து 74,600.

காரணம்? 40,000 சர்வீஸை ஆயிரம் கிலோமீட்டர் வரை தள்ளிச் செய்யலாம் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். நான் 1,240 தள்ளிவிட்டேனாம். 240 கிலோமீட்டர் அதிகம். அதனால் "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணுது."

ஏஎம்டி என்றால் பெரிய மாயமில்லை. சாதாரண கியர் பாக்ஸ்தான். நம் காலும் கையும் செய்கிற க்ளட்ச், கியர் வேலையை ஆக்சுவேட்டர் என்கிற யூனிட் செய்கிறது, அவ்வளவுதான். 40,000 சர்வீஸில் என் காருக்கு என்ன செய்தார்கள் என்று பில்லை எடுத்துப் பார்த்தேன். என்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் சுத்தம், வீல் அலைன்மென்ட். ஆக்சுவேட்டரைத் தொட்டதாக ஒரு வரி இல்லை. 240 கிலோமீட்டர் முன்னால் வந்திருந்தாலும் இதே நாலு வேலையைத்தான் செய்திருப்பார்கள், ஆக்சுவேட்டர் இதே பாலத்தில்தான் செத்திருக்கும். இதை நான் சர்வீஸ் மேனேஜரிடம் கேட்டேன். "டெக்னிக்கலா நீங்க சொல்றது கரெக்ட் சார், ஆனா பாலிஸி" என்றார். டெக்னிக்கலாகக் கரெக்டாம்!

அந்தக் கேஜிஎஃப் தம்பியைத் தேடினேன். பக்கத்து சர்வீஸ் பகுதியில் வேறு யாருக்கோ டேப்லெட் நீட்டிக்கொண்டிருந்தான். "போன்ல நீதானேப்பா சொன்னே?" என்றேன். "ஆஸ் பெர் பாலிஸி சார்..." என்று ஆரம்பித்தான். அண்ணா போய் சார் வந்துவிட்டது. 74,600 ரூபாயைவிட அந்த 'சார்'தான் இன்னும் உறுத்துகிறது. பொய், 74,600தான் அதிகம் உறுத்துகிறது. ஆனால் அதுவும் உறுத்துகிறது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரிந்த கதை. மேனேஜர், ஏரியா மேனேஜரிடம் கேட்கிறேன் என்றார். ஏரியா மேனேஜர் லீவு. கம்பெனி கஸ்டமர் கேரில் புகார் எண் கொடுத்தார்கள், இரண்டாம் நாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ். மறுபடி கூப்பிட்டால், டீலரிடம் பேசுங்கள் என்கிறார்கள். டீலரிடம் போனால் கம்பெனி முடிவு என்கிறார்கள். எட்டாவது நாள், வண்டியை எடுக்காவிட்டால் தினம் 500 ரூபாய் பார்க்கிங் போடுவோம் என்றார்கள். அடுத்த வாரம் தங்கைக்குச் சேலத்தில் வளைகாப்பு, அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். கட்டினேன். பில்லில் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அந்த ஒரு புத்தியாவது வந்தது. கேஷியர் பெண் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இன்னொன்று. கழற்றிய பழைய ஆக்சுவேட்டரைக் கேட்டேன். காசு கொடுத்து மாற்றினால் பழைய பார்ட் நமக்குத்தானே? "ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சு சார்" என்றார்கள். முந்தின நாள் மாற்றிய பார்ட் அதற்குள் ஸ்க்ராப்பா? வாரண்ட்டியில் மாற்றினால்தான் பழையதைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்று கேள்வி. அப்படியானால் என்னிடமும் காசு, கம்பெனியிடமும் க்ளைமா? தெரியாது. என் கையில் ஆதாரம் இல்லை. ஆனால் நேற்று ராத்திரி முழுக்க இதுதான் மண்டையில் ஓடியது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மணி ஒன்றரை ஆகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

1915 நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்லமாட்டார்கள், புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், டீலர் இருக்கும் ஊருக்கு ஓடவேண்டாம். 2025 ஜனவரியில் வந்த இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்கோ சேவைக்கோ நாம் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும்.

சர்வீஸ் தள்ளிப்போனால், யார் என்ன சொன்னாலும், அந்த நிமிஷமே மெயில் போட்டுவிடுங்கள்: "நீங்கள் இந்தத் தேதிதான் கொடுத்தீர்கள்" என்று. என்னிடம் இருப்பது "26 கன்ஃபர்ம்ணா" என்று அவன் அனுப்பிய ஒரே ஒரு வாட்ஸப். அதை வைத்துத்தான் ஆரம்பிக்கப்போகிறேன். வண்டி விடும்போது நாம் சொல்லும் குறையை எழுதிக்கொள்கிற ஜாப் கார்டைப் படிக்காமல் விரலை வைக்காதீர்கள். "லேசா உதறுது" என்று நான் சொன்னது எந்த ஜாப் கார்டிலும் ஏறவே இல்லை, இப்போதுதான் பார்க்கிறேன்.

பழைய பார்ட்டை எழுத்தில் கேட்டுக் கடிதம் கொடுக்க நாளைக் காலை மறுபடி போகிறேன். பைக்கில் போ என்கிறாள் மனைவி. காரைக் கொண்டுபோனால் இன்னும் எதையாவது கழற்றிவிடுவார்களாம்.